சுடாத கால்

யுன்சியாங், உனக்கும் குழந்தைக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? நம் குய்ஜோ மலையில் பனி இறங்கியிருக்கும். அவள் காதை நன்றாக மூடிவிடு. இங்கே ஃபோஷானில் வேலையிடத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு வேடிக்கை கேள். டைல்ஸ் பெட்டிகளை ஏற்றிவிட்டு வந்து, வழக்கம்போல வாளி வெந்நீரில் கால்களை வைத்தேன். வலது கால் சுட்டதும் எடுத்துவிட்டேன். இடது கால் பேசாமல் இருந்தது. பக்கத்துக் கட்டில் பெங் அண்ணன்தான் கத்தினார்: "டேய், அது காலா, பன்னித் தொடையா? வேகுதுடா!"

டாக்டர் கொப்புளத்துக்கு மருந்து போட்டுவிட்டு இடுப்பைத் தட்டினார். "கோளாறு இங்க இருக்குப்பா. முதுகெலும்புக்கு நடுவுல இருக்குற வட்டு பிதுங்கி, காலுக்குப் போற நரம்ப நசுக்குது. தும்முனா கால் வரைக்கும் சுரீர்னு இழுக்குதா?" இழுக்கிறது என்றேன். "தெரியாம மூத்திரம் போச்சுன்னா அன்னிக்கே ஓடி வந்துடு. ஆறப்போட்டா அப்புறம் நடையே இருக்காது."

நீ பயப்படாதே. டாக்டர் ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்; செய்தால் மூன்று மாதம் பாரம் தூக்கக் கூடாதாம். அதற்குள் மேஸ்திரி என் கட்டிலை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவான். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை.

மிளகாய் ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. இடது காலுக்கு மட்டும் பெரிதாக ஒரு காலுறை பின்னு. கூடவே, கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்கு விரித்த ரப்பர் ஷீட்டையும் வை. இன்று காலையிலிருந்து தேவைப்படுகிறது. எதற்கென்று கேட்காதே. லாரி வந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள்.

தெஷுன்