நாற்பத்தேழாம் இலக்க நாகின் தாய்

“வகுப்பிலை கெட்டிக்காரப் பிள்ளை ஆரெண்டு எப்பிடி மாஸ்டர் கண்டுபிடிப்பியள்?” என்று வேலியில் சாய்ந்தபடி ஒருமுறை கேட்டீர். சோதனை வைப்பேன் என்றேன். “என்ரை பிள்ளையள் சோதனை எழுதாதுகளே!” என்று, இன்னும் கன்று போடாத உம்முடைய நாகுகளைக் காட்டிச் சிரித்தீர்.

அந்தக் கேள்வி காலையிலிருந்து என்னை ஓரிடத்தில் இருக்கவிடவில்லை. நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், எங்கள் கட்டடத்துக்கு நேற்றுத்தான் ஹீட்டர் போட்டார்கள். வாசலில் கிடந்த என் சப்பாத்துகள் சூடேறி, வீடு முழுக்க உம்முடைய மாட்டுக் கொட்டில் மணம். கழுவ எடுத்தேன், வைத்துவிட்டேன். தேத்தண்ணி போட்டேன், குடிக்கவில்லை. உம்முடைய மனிசி மேரிக்கு இன்று பதில் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளிக் களைத்த நீர் ஓய்வுபெற்றதும் இறைச்சி மாட்டுப் பண்ணை வாங்கியபோது நாங்கள் எல்லோரும் பகிடி பண்ணினோம். ஆவணியில் நோய் உம்மைக் கொண்டுபோன பிறகு, மேரி தனியாகவே அதைப் பார்க்கிறா. வெள்ளிக்கிழமை லொறி வருகிறது. வயது போன நான்கு பசுக்களுக்குப் பதிலாக நான்கு நாகுகளை வைத்துக்கொண்டு மற்றவற்றை விற்க வேண்டும். மூன்றை மேரியே தெரிவு செய்துவிட்டா.

“நாலாவது நாப்பத்தேழு அண்ணை. அவர் கோடை முழுக்கத் தடவிக் குடுத்துக்கொண்டு நிண்டவர். அதை நான் விடமாட்டன். நீங்கள் என்ன சொல்லுறியள்?”

நாற்பத்தேழு குறை சொல்ல முடியாத கன்றுதான். நேர் முதுகு, உறுதியான கால், அளவான உடம்பு. ஆனால் அதன் காதில் இலக்கத் தகடு குத்திய அன்று, அதைப் பதியும் கொப்பியோடு வேலிக்கு வெளியே நின்றவன் நான். நீர் குனிந்ததுதான் தாமதம், தாய்ப்பசு வந்து உம்மைச் சேற்றில் உருட்டியது. கம்பிக்குக் கீழால் தவழ்ந்து வெளியே வந்து விலாவைப் பிடித்தபடி சொன்னீர்: “மேரிக்குச் சொல்லிப்போடாதையுங்கோ மாஸ்டர். பேந்து என்னை இஞ்சாலை விடமாட்டா. வழுக்கி விழுந்திட்டன் எண்டு சொல்லுவம்.”

ஓம் என்றேன். கொப்பியிலும் எழுதவில்லை.

உம்முடைய கேள்விக்கு நீரே சொன்ன விடை, சோதனை தாய்க்குத்தான் என்பது. வருடம் தவறாமல் கன்று போடுகிறதா, மடி எப்படி, குணம் எப்படி என்று பார்ப்பீர். ஆனால் அந்தப் பசு ஒவ்வொரு வருடமும் கொழுத்த கன்று வளர்த்துத் தந்ததால் அதன் குணத்தைக் காணாததுபோல் விட்டீர். நானும் விடை சரியாக வந்த கணக்குத் தாள்களில் நடுவில் உள்ள பிழையை அப்படி விட்டிருக்கிறேன். போன சனிக்கிழமை நான் உள்ளே போனதும் மற்றக் கன்றுகள் மெல்ல விலகின. நாற்பத்தேழு தாயைப்போலவே சீறிக்கொண்டு கம்பியில் ஏறப் பார்த்தது. பிறகொரு நாள் அது கன்று போடும்போது பக்கத்தில் மேரி மட்டும்தான் நிற்பா.

இந்தக் கடிதத்தை இடையில் நிறுத்திவிட்டு மேரிக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“ரெண்டு பேரும் சேந்து என்னைப் பேய்க்காட்டினீங்களோ? அந்தப் பசுவின்ரை காலடியிலை நான் ஒவ்வொரு நாளும் குனிஞ்சு தீன் வைக்கிறன் அண்ணை!”

தொலைபேசியை வைத்துவிட்டா. நான் வீட்டுக்குள் குறுக்கும் மறுக்கும் நடந்தேன். அரைமணி கழித்து அவவே எடுத்தா.

“லொறிக்காரனிட்டைக் கேட்டனான். தாயையும் மகளையும் ஏத்த இடமிருக்காம்.” பிறகு, “உங்களோடை எனக்குக் கோவம்தான். ஆனா வெள்ளிக்கிழமை வாங்கோ, தனிய ஏத்தேலாது.”

போகிறேன். உமக்குக் கொடுத்த வாக்கை உடைத்துவிட்டேன் என்ற குத்தல் இன்னும் அடங்கவில்லை. இத்தனை மாதம் மேரியை அந்தப் பசுவோடு விட்டு வைத்தேனே என்பது அதைவிட மோசமாகக் குத்துகிறது.

உம்மைப்போல் மாடு வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கன்று பிறந்த மறுநாள் வேலிக்கு வெளியே பத்து நிமிடம் நின்று, தாயை மட்டும் பாருங்கள். அது தலையைத் தாழ்த்திக்கொண்டு உங்களை நோக்கி வந்தால், அந்தக் கன்றை மந்தைக்கு வைக்காதீர்கள்.