பைக்குள் என்ன இருந்தது

15 மார்ச் 2022, செவ்வாய்

நான் வேலை செய்யும் வில்லாவின் வெளிக்கதவில் கடதாசி ஒட்டியிருக்கிறார்கள். உக்ரைன் போருக்காகப் போட்ட தடைப் பட்டியலில் வீட்டுக்காரரின் பெயர் வந்துவிட்டதாம். ரஷ்யாவில் அவருக்கு உரத் தொழிற்சாலைகள் இருப்பதே எனக்கு இன்றுதான் தெரியும். ஆறு வருடமாக அந்த வீட்டைத் துடைக்கிறேன்; அவரைக் கண்டது நான்கு தரம்.

இனி வேலை இல்லை, உங்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் வீட்டைப் பார்க்கும் நிர்வாகி. வேலைச் சப்பாத்து, குடை, மத்தியானச் சோறு அவிக்கிற குக்கர். குக்கரைத் துவாயால் சுற்றி நீலப் பையில் வைத்தேன். வாசலில் மூன்று கமராக்காரர். குனிந்தபடி பஸ்ஸுக்கு நடந்தேன்.

16 மார்ச், புதன்

மகள் கம்சனா பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு ஜேர்மன் செய்திப் பக்கத்தை அனுப்பினாள். நானும் பையும். மேலே: “ரஷ்யக் கோடீஸ்வரரின் வில்லாவிலிருந்து கடைசி நேரத்தில் வெளியேறுவது என்ன?”

17 மார்ச், வியாழன்

படத்தின் கீழே சனம் எழுதியிருப்பதையெல்லாம் வாசித்தேன். காலை முழுக்க.

தங்கச் சிலை என்கிறார் ஒருவர். இல்லை, பழங்காலச் சாடி, வடிவத்தைப் பாருங்கள் என்கிறார் இன்னொருவர். “கொலைகாரனின் வேலைக்காரி.” “இவளையும் சேர்த்து ஏலம் போடுங்கள்” — அதற்கு அறுநூறு பேர் சிரித்திருக்கிறார்கள். “இது துப்புரவு வேலை செய்யும் பெண் போல இருக்கிறதே” என்று ஒருவர் மட்டும் கேட்டிருந்தார். அவருக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை.

கோபம் வர வேண்டும். வரவில்லை. பருப்பு வைத்தேன். உப்புப் போட்டேனா என்று ஞாபகமில்லை.

18 மார்ச், வெள்ளி

கோயிலில் பழகிய ரஞ்சினி அக்கா தொலைபேசி எடுத்தா. “நீர் ஏதும் எடுத்தனீரோ? சனம் கேக்குது, அதுதான்.”

“குக்கர் எடுத்தனான் அக்கா.”

“விளையாடாதையும்” என்று சிரித்தா. நான் சிரிக்கவில்லை.

23 மார்ச், புதன்

இப்போது ரஷ்யப் பக்கம் நிற்கிற ஒரு இணையச் சனலிலும் நான். அதே படம்தான். “போரிலிருந்து தப்பி வந்த தமிழ்ப் பெண், ஜேர்மனி போட்ட தடையால் பட்டினி.” என் பெயரும் இருக்கிறது. எங்கட ஆக்களில ஆரோதான் குடுத்திருக்க வேணும். “ரஷ்யர்கள் மட்டும்தான் என்னை மனிசியாக நடத்தினார்கள்” என்று நான் சொன்னேனாம். நான் எப்ப சொன்னனான்? ஆருக்கு?

கீழே ஆயிரக்கணக்கில் இதயங்கள்.

என் படத்துக்கு அடுத்ததாக ஒரு வீடியோ. உக்ரைனில் இடிந்த ஒரு வீட்டின் முன் நின்று ஒரு பெண் கத்தி அழுகிறாள். அவள் நடிகையாம், சனல் சொல்கிறது. அதற்கும் இதயங்கள்.

“முதல் கள்ளி எண்டாங்கள், இப்ப பாவம் எண்டுறாங்கள். நீங்கள் ஏனம்மா ஒண்டும் சொல்லுறீங்கள் இல்லை?” என்று கம்சனா கத்தினாள். கதவை அடித்துச் சாத்தினாள்.

25 மார்ச், வெள்ளி

அந்தச் சனலிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில். இனிமையான குரல். இரண்டு நிமிட வீடியோ போதுமாம். வேலை போனதை மட்டும் சொன்னால் போதுமாம்.

என் கணவர் கிருபன் இரவு வேலை முடித்து வந்து சப்பாத்துக் கழற்றியபடி கேட்டார்: “வேலை போனது உண்மைதானே? பொய் சொல்லச் சொல்லேல்லையே. ரெண்டு நிமிசம் கதைச்சா என்ன?”

உண்மைதான். அதுதான் பயம்.

ஊரில் சண்டைக் காலத்தில் அண்ணா செத்த அன்று ஒரு வானொலி அவனைப் பயங்கரவாதி என்றது. மற்ற வானொலி மாவீரன் என்றது. அவன் சைக்கிளில் ரொட்டிக்கு மா வாங்கப் போனவன். அம்மா இரண்டையும் கேட்டுவிட்டு வானொலியை நிற்பாட்டினா. பிறகு ஒருநாளும் போடவில்லை.

“என்னால ஏலாது” என்றேன். “அந்த அழுகிற மனிசிக்குப் பக்கத்தில நிண்டு என்னால கதைக்க ஏலாது.”

அவர் எழும்பிக் குசினிக்குப் போனார். தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

26 மார்ச், சனி

நான் சொல்லச் சொல்ல, முதலில் படம் போட்ட செய்திப் பக்கத்துக்குக் கம்சனா ஜேர்மனில் எழுதினாள். நான்கு வரி. ஒரு சொல்லையும் கூட்ட விடவில்லை நான். சனலுக்கும் ஒரு வரி: நான் அப்படிச் சொல்லவில்லை, எடுத்துவிடுங்கள்.

2 ஏப்ரல், சனி

செய்திப் பக்கத்தில் திருத்தம் வந்தது. சின்ன எழுத்து, படம் இல்லை. கீழே பதினொரு பேர் எழுதியிருக்கிறார்கள். முதலாவது: “சோற்றுக் குக்கராம். நம்பிவிட்டோம்.”

சனல் ஒன்றையும் எடுக்கவில்லை.

11 ஏப்ரல், திங்கள்

இன்று என்னைப் பற்றி ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

28 ஏப்ரல், வியாழன்

முதியோர் இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதிக்கு ஆள் தேவை என்று நேர்முகத்துக்கு Termin தந்திருந்தார்கள். பொறுப்பான பெண், நரைத்த கட்டைத் தலைமயிர். என் பெயரைத் தேடிப் பார்த்ததாக நேரே சொன்னார். திரையை என் பக்கம் திருப்பினார். அந்தச் சனலின் பக்கம்தான். “இணையம் சொன்னதை வாசித்துவிட்டேன். இனி நீங்கள் சொல்லுங்கள்.”

சொன்னேன். இடையில் பேசாமல் கேட்டார். சொல்லி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார்.

பஸ்ஸில் யன்னலோரம் இருந்தேன். இந்த ஆறு வாரத்தில் முதல் தரம் அழுகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் கடதாசிக் கைக்குட்டை நீட்டினார், வாங்கினேன். இறங்க வேண்டிய தரிப்பு வந்தது, போனது. நான் எழும்பவில்லை.