குடத்திலிருந்த தாமிரம்

இன்று காலை ஆய்வகத்தில் ஒரு மாணவி நிறமற்ற சாயக் கரைசலில் தாமிர உப்பு நீர் ஒரு சொட்டு விட்டாள். சோதனைக்குழாய் முழுதும் ரோசா நிறமாயிற்று. "சார், ரோஸ் சர்பத் மாதிரில்லா இருக்கு!" என்றாள். சிரித்துவிட்டேன். தாமிரம் பட்டால் சிவக்கும் இந்தச் சாயத்தை உருவாக்கியவன் நீ.

நாம் ஆய்வு மாணவர்களாக இருந்த ஒரு சாரல் காலம். குற்றாலத்து நீரைச் சோதிக்கப் புறப்பட்டவர்கள், கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் போத்தல்களை மேலகரத்துத் தேநீர்க் கடையிலேயே விட்டுவிட்டோம். பூசைக்கு அருவித் தண்ணீர் வேண்டுமென்று உன் அம்மா கொடுத்தனுப்பிய செப்புக்குடம் உன் கையில் இருந்தது. அதிலேயே பிடித்தோம். மறுநாள் அந்த நீர் பட்டுச் சாயம் சிவந்ததும் பெஞ்சின் மீதேறிக் கூத்தாடினோம். அருவியில் தாமிரம் கலந்திருக்கிறது என்று நம் பேராசிரியர் உடனே செய்தியாளரை அழைத்துச் சொல்லிவிட்டார்.

மாலையில் உன் அம்மா கேட்டார்: "புளி போட்டுப் பளபளன்னு வெளக்கிக் குடுத்தேனேடே, குடம் எங்க?"

நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீ வயிறு வலிக்கச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு அடங்குமுன்னே பேராசிரியர் வீட்டு வாசலில் நின்றாய்.

"சார், தாமிரம் அருவியில இல்ல. எங்க வீட்டுக் குடத்துல."

"யாருக்குடே தெரியப் போவுது? சும்மா கெட."

"எனக்குத் தெரியுதுல்லா சார்."

செய்தியாளரிடம் நீயே பேசிச் செய்தியை நிறுத்தினாய். சாயத்தைப் பற்றிய கட்டுரை மறு ஆண்டு வெளிவந்தபோது, அதில் பேராசிரியர் பெயரும் என் பெயரும் மட்டுமே இருந்தன. நான் வாய் திறக்கவில்லை. நீதான் என் முதுகில் தட்டினாய்: "ஏலே, மூஞ்சிய ஏன் தொங்கப் போடுத? எம்பேரு இல்லன்னு சாயம் செவக்காமலா இருக்கப் போவுது?"

நீ மறைந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. அந்தப் பேராசிரியருக்கு எடுக்கும் விழா மலருக்கு என்னிடம் வாழ்த்துரை கேட்டிருக்கிறார்கள். குடத்தின் கதையை, அவர் சொன்ன சொல் ஒன்றும் குறையாமல், எழுதிக் கொடுத்துவிட்டேன். என் பெயரை நீக்கி உன் பெயரைச் சேர்க்குமாறு ஆய்விதழுக்கும் எழுதியிருக்கிறேன்.

உன் சிரிப்பு எனக்கு வாய்க்கவில்லை. என்னிடம் இருப்பது கோபம் மட்டுமே. அது குரலை உயர்த்துவதில்லை. தேதியிட்டுக் கையொப்பமிட்டு, பதிவுத் தபாலில் போய்ச் சேருகிறது.