நாற்பத்தொரு வீட்டு ஆடுகளும் நலம்

மே 29
இல்லை, ஆடு மேய்க்கும் தாஷ்ஞாம் அண்ணன் பொய் சொல்லவில்லை. வாசலுக்கு வந்தவர் "மந்தை எப்படி?" என்று கேட்டால் "கொழுத்து நல்லா இருக்கு" என்பதுதான் பதில். வேறு பதில் கிடையாது. போன குளிர்காலத்தில் பனிக்குப் பதிலாக மழை பெய்து, அப்படியே உறைந்து, புல்லின் மேல் கண்ணாடி போர்த்தி, பாதி மந்தை போனபோதும் என் அப்பா அதையேதான் சொன்னார் — செத்த ஆட்டைத் தோலுரித்துக்கொண்டே.

நானும் இதே கோபிப் பாலைவனத்தில் பிறந்தவள். பிறகு ஏன் நோய்க் கணக்கெடுப்புப் படிவத்தில் முதல் கேள்வியாக "உங்கள் மந்தை நலமா?" என்று போட்டேன்?

நான்கு வருடம் பல்கலைக்கழகம். வேறு காரணம் தோன்றவில்லை.

மே 30
நாற்பத்தொரு வீடு. நாற்பத்தொரு "நலம்".

மாவட்டக் கால்நடை மருத்துவர் கொம்போ போனில்: "ஸயா, உலகத்துலயே ஆரோக்கியமான ஆடுங்க நம்ம ஆடுங்கதான். இதை மேல அனுப்பினா முதல்ல என்னைத்தான் சோதிப்பாங்க."

மே 31
எழுதினால் பயம் குறையும் என்கிறார்கள். பார்ப்போம்.

தெற்கே ஆட்டுக்கொல்லி நோய் வந்துவிட்டது. இந்தப் பக்கம் மூன்று ஊற்றுகளில் இரண்டு வற்றிவிட்டன. மிஞ்சிய ஒன்றில் ஆடுகள் குடிக்கின்றன. பத்து, பன்னிரண்டு நாளில் சைகா மான்கள் குட்டி போட இறங்கும். அவையும் அங்கேதான் குடிக்க வேண்டும். ஆடு இருமிய கரையில் மான். ஆட்டுக்குத் தடுப்பூசி உண்டு. மானை யார் துரத்திப் பிடித்து ஊசி போடுவது?

கையில் சோதனைப் பட்டை பன்னிரண்டு. மூக்குச் சளியை விட்டால் கால் மணி நேரம். ஒரு கோடு, நோய் இல்லை. இரண்டு கோடு, இருக்கிறது. நாற்பத்தொரு வீட்டில் எந்த வீடு?

பயம் குறையவில்லை.

ஜூன் 1
புழுதிக் காற்று. பல்லில் மணல்.

ஜூன் 2
ஜீப் ஓட்டுகிற ஒய்தோவ் அண்ணன் இதுவரை என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இன்று டயருக்குக் காற்று அடித்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, அவங்க ஆட்டைப் பத்தி அவங்ககிட்டயே ஏன் கேக்கறே? பக்கத்து வீட்டு ஆட்டைப் பத்திக் கேளு. அப்புறம் அவங்க வாயை மூட வைக்கிறது உன் பாடு."

படிவத்தில் முதல் கேள்வியை அடித்தேன்.

ஜூன் 4
இரண்டு நாளாகத் தேநீர் குடித்துக் குடித்து வயிறு தளும்புகிறது. ஆனால் என்ன ஒரு அறுவடை. எல்லார் வாயிலும் திரும்பத் திரும்ப வந்தது இரண்டு பெயர்.

மியாக்மர் அக்கா: "தாஷ்ஞாம் ஆடா? மூக்கு ஒழுகுது. கண்ணைத் திறக்க முடியாம பீளை. கழிச்சல் வேற. நான் சொன்னேன்னு சொல்லிடாதே. அந்த ஆளுக்கு மீசையைச் சீவத்தான் நேரம்."

தாஷ்ஞாம் அண்ணன்: "மியாக்மர் ஆடுங்களா? பாவம். வாயெல்லாம் புண்ணு. அதுங்க இருமுறது ஓடைக்கு இந்தப் பக்கம் கேக்குது. என்னோடதா? கொழுத்து நல்லா இருக்கு."

அவர் அதைச் சொன்னபோது பின்னால் ஒரு ஆடு தும்மியது. இருவரும் கேட்காததுபோல் இருந்தோம். மரியாதை.

ஜூன் 5
எட்டுப் பட்டை செலவு. இரண்டு மந்தையிலும் இரண்டு கோடு.

தாஷ்ஞாம் அண்ணன் பட்டையை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒரு கோடு என்னோடது. இன்னொண்ணு மியாக்மரோடது."

மற்ற வீட்டு ஆடுகளுக்கு டாக்டர் ஊசியோடு வருகிறார். இந்த இரண்டு மந்தையும் ஊற்றை விட்டு விலக வேண்டும். ஆள் இல்லாத பள்ளத்தாக்கு இரண்டு பார்த்துவிட்டேன், தண்ணீர் லாரியும் வரும்.

"நகர மாட்டேன்" என்றார் தாஷ்ஞாம் அண்ணன். "நகர்ந்தா என் ஆட்டுக்கு நோவுன்னு ஊரே சொல்லும்."

மியாக்மர் அக்காவும் அதே வாக்கியம். இருவரும் ஒரே வகுப்பில் படித்தார்களாம்.

ஜூன் 6
கத்திவிட்டேன். தாஷ்ஞாம் அண்ணன் வீட்டுத் தேநீரைக் குடித்துக்கொண்டே. மானெல்லாம் செத்துப்போகும் அண்ணே, உங்க மீசையா வந்து குட்டி போடும் — இப்படி ஏதோ. அவர் கிண்ணத்தில் இன்னும் கொஞ்சம் ஊற்றினார். வெட்கத்தில் செத்தேன்.

வெளியே வந்த பிறகுதான் தோன்றியது. அவர் நோயை மறுக்கவில்லை. தன் நோயை மட்டும்தான்.

ஜூன் 7
அவரிடம்: "அண்ணே, மியாக்மர் அக்கா ஆட்டுல ரெண்டு கோடு. உங்க மந்தை பக்கத்துல இருக்கணுமா?"

அவளிடம்: "அக்கா, தாஷ்ஞாம் அண்ணன் ஆட்டுல ரெண்டு கோடு."

இரண்டும் உண்மை. ஆனாலும் உண்மை சொன்ன மாதிரி இல்லை.

ஜூன் 8
காலையில் ஓடைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூடாரம் பிரிக்கிற சத்தம். இரண்டு ஒட்டக வரிசை. ஒன்று கிழக்கே நான் காட்டிய பள்ளத்தாக்குக்கு, ஒன்று மேற்கே.

"அவகிட்டேருந்து தப்பிச்சுப் போறேன்" என்றார் தாஷ்ஞாம் அண்ணன், ஊருக்கே கேட்கிற மாதிரி.

"ஓடுறான் பாரு" என்றாள் மியாக்மர் அக்கா, தன் ஒட்டகத்தை விரட்டிக்கொண்டே.

ஊற்றங்கரையில் இனி நோய் ஆடு இல்லை.

ஜூன் 11
ஊற்றருகே எங்கள் கூடாரம். மான் இல்லை. ஒய்தோவ் அண்ணன் தூங்குகிறார். பொறாமை.

ஜூன் 14
வந்துவிட்டன. அறுபத்துமூன்று, குட்டிகளையும் சேர்த்து. தொங்குகிற அந்த மூக்கு — பிறவியிலேயே சளி பிடித்தவை மாதிரி. எது நோய், எது முகம்? தொலைநோக்கியில் கண் வலிக்க வலிக்கப் பார்த்தேன்.

மதியம் புல்லில் ஒரு குட்டி செத்துக் கிடந்தது. பட்டையில் அதன் சளியை விட்டேன். கால் மணி நேரம். ஒய்தோவ் அண்ணன் தொப்பியைக் கழற்றி வைத்துக்கொண்டார்.

ஒரு கோடு. இன்னொரு பட்டை. ஒரு கோடு.

டாக்டர் போன் செய்தார். "மானுங்க எப்படி ஸயா?"

"கொழுத்து நல்லா இருக்கு."

வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் என் வாய் என்ன சொன்னது என்று எனக்கே கேட்டது.

திரும்ப அழைத்தேன். அறுபத்திரண்டு உயிரோடு. ஒரு குட்டி செத்தது, நம் நோய் இல்லை, ஏன் என்று தெரியவில்லை. நோய் வெளியே தெரிய இருபத்தொரு நாள் ஆகலாம், அதுவரை பார்த்தால்தான் சொல்ல முடியும்.

பிறகு, அத்தனை நாளும் தங்க, கூடாரத்தை ஊற்றைவிட்டு, காற்றில் எங்கள் வாடை மான்களுக்குப் போகாத பக்கமாகத் தள்ளிப் போட்டேன். மீதி இரண்டு பட்டையையும் வெயிலும் ஈரமும் படாமல் துணியில் சுற்றி, அரிசி மூட்டைக்குள் வைத்தேன்.