எதிர்மனுதாரர் கொடுத்த ஜாமீன்

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே அனல். கொளவாய் ஏரிப் பக்கம் கூடக் காற்றில்லை. மூக்குக் கண்ணாடிக்குக் கால் மாற்ற வேண்டும். மின்கட்டணம்.

செங்கல்பட்டு கோர்ட், பத்திரிகைக்குச் செய்தி எடுக்க. கருங்குழி அண்ணன் தங்கை வழக்கு மறுபடியும். அப்பா இறந்த பின் அவருடைய திருவிடந்தை சவுக்குத் தோப்பு விற்கப்பட்டு, பணம் கோர்ட்டில் கிடக்கிறது. எல்லாம் தனக்கே என உயில் இருப்பதாக அண்ணன் ஏழுமலை. உயிலே பொய் என்று தங்கை செல்வி. வருடக்கணக்காகப் பேச்சில்லை.

இன்று செல்வியின் அவசர மனு. சிறுசேரியில் வேலை பார்க்கும் மகள் தேவிக்கு இதயத்தில் ஆபரேஷன். தீர்ப்பு வரும் வரை தாங்காது, பங்கில் ஒரு பகுதி இப்போதே வேண்டும். ஏழுமலையின் வக்கீல் பலமாக எதிர்த்தார். ஏழுமலை வெளியே, டீக்கடையில்.

"யாருக்கு ஆபரேசன்னு பேசிக்கினு இருந்தாங்கோ சார்?"

"உங்க தங்கச்சி பொண்ணுக்கு."

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டார். "எம்மடில வச்சுத்தான் அதுக்கு காது குத்துனாங்கோ."

ஜூன் 12, வியாழன்

உத்தரவு வந்தது. பணம் தரலாம். ஆனால் வழக்கில் தோற்றால் திருப்பித் தர வேண்டும். அதற்கு நிலம் உள்ள ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும். நாளைக்குள்.

வராந்தாவில் செல்வி, போனை வைக்கவேயில்லை. "சித்தப்பா, பட்டா மட்டும் எடுத்தாந்தா போதும்..." அடுத்தவர். அதற்கடுத்தவர்.

என்னிடம்: "கோர்ட்டுன்னாலே பேஜாருன்றாங்க சார். திங்கக்கெழம ஆஸ்பத்திரில பெட்டு ரெடியா கீது."

கண்ணாடி கடை மூடியிருந்தது.

ஜூன் 13, வெள்ளி

கரண்ட் இல்லை. செல்வியின் வக்கீல் அவகாசம் கேட்க எழுந்தார். பின்வரிசையிலிருந்து ஏழுமலை. கையில் மஞ்சள் பை, உள்ளே தன் நிலத்துப் பட்டா.

"நான் போட்றேன் ஜாமீனு."

அவர் வக்கீலே சட்டையைப் பிடித்து இழுத்தார். "இன்னாய்யா பண்றே? நீ எதிர் பார்ட்டி."

நீதிபதி: "அவங்க தோத்தா பணம் உங்களுக்குத்தானே திரும்ப வரணும்? உங்களுக்கு நீங்களே ஜாமீனா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப வழக்கை முடிச்சுக்கிறீங்களா?"

"அதெப்படிங்கய்யா? நைனா எழுதுன உயிலு நெசம். கேஸு அது பாட்டுக்கு நடக்கட்டும். கொயந்த ஆஸ்பத்திரிக்குப் போவட்டும்."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். டைப் அடிப்பவரின் கை நின்றது. செல்வி திரும்பிப் பார்க்கவில்லை. முந்தானையை வாயில் அழுத்தியபடி நின்றார். இந்த அறையில் கிணற்றுப் பங்குக்காக மண்டை உடைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடப் பிறந்தவன் பிணத்துக்கு வராதவர்களைப் பார்த்திருக்கிறேன். இது புதிது. என் குறிப்பில் அதற்குப் பிறகு ஒரு வரியும் இல்லை.

உத்தரவாதம் ஏற்கப்பட்டது. பணம் இன்றே.

ஆபீஸில் கேட்டார்கள். "நாலு வரி போதும் சார்." நாலு வரி அனுப்பினேன். தலைப்பு வைக்க வரவில்லை, அவர்களே வைத்துக்கொள்ளட்டும்.

வீட்டில் சொன்னேன். மனைவி சாதம் பிசைவதை நிறுத்திவிட்டாள்.

செப்டம்பர் 3, புதன்

மழை. குடை பஸ்ஸில் போயிற்று.

கருங்குழி வழக்கில் சாட்சி விசாரணை. கூண்டில் செல்வி. "எங்கண்ணன் காட்டுறது பொய் உயிலு." குரலில் துளி தயக்கமில்லை.

பெஞ்சில் ஏழுமலை, பக்கத்தில் தேவி. இளைத்திருக்கிறாள். "தள்ளிக் குந்து மாமா" என்று இடம் பிடித்தவள், கொஞ்ச நேரத்தில் அவர் தோளிலேயே தூங்கிப்போனாள்.

அடுத்து ஏழுமலை பெயரைக் கூப்பிட்டார்கள். மறுபடியும் கூப்பிட்டார்கள். எழுந்திருக்கவில்லை. கையை மட்டும் தூக்கினார்.