வேப்பிலை செருகிய அறை

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மூட்டுவலி குறைந்ததா? நான் நலம். வீடியோ கால் எடுக்கவில்லை என்று கோபிக்காதீர்கள்.

கன்னத்தில் சிவப்பாகக் கட்டிகள் வந்தன. விடுதி வார்டன், "அம்மை போட்டிருக்குது அம்மணி, மருந்து சாப்பிடக் கூடாது" என்று என் அறைக் கதவில் வேப்பிலை செருகினார். நம்பி இருபது நாள் சும்மா இருந்துவிட்டேன். இப்போது இமைவரை ஏறிவிட்டது. துணிக்கடையில் என்னைக் குடோனுக்கு மாற்றிவிட்டார்கள்.

தோல் டாக்டர், "இது அம்மை இல்லைங்க, அபூர்வமான அழற்சி" என்று பரிசோதனைக்குத் துளி சதை எடுத்தார். தழும்பு நிற்குமா என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை ரிசல்ட் வரும், துணைக்கு ஆளோட வாங்க" என்று மட்டும் சொன்னார்.

வருவீர்களா அம்மா? பழைய பருத்தித் துண்டு ஒன்று எடுத்து வாருங்கள், தலையணை உறை முகத்தில் உரசுகிறது. உக்கடம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். முகத்தை வைத்துத் தேடாதீர்கள். தீபாவளிக்கு எடுத்துக் கொடுத்த பச்சைச் சுடிதாரைப் பாருங்கள்.

கடைக்கு நேரமாகிவிட்டது.

லோகப்பிரியா