இத்தா முடியும் வரை

ஆகஸ்ட் 3, 1997. ஞாயிறு

விடாத மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். டிராம் இல்லை. மண்ணெண்ணெய் தீர்ந்தது. துணி எதுவும் காயவில்லை.

சுபைதா பப்பாளி நறுக்கிக் கொண்டு வந்தாள். கொழுந்தன் காதரின் மனைவி. எனக்காக அவள் ஒரு பழம் நறுக்கியதை இன்றுதான் பார்க்கிறேன்.

"சாப்பிடுங்க லாத்தா, உடம்புக்குச் சூடு."

மழை நாளில் சூடு எதற்கு? தட்டு காலியான பிறகுதான் உறைத்தது.

மே மாதம் என் வீட்டுக்காரர் தலாக் சொன்னார். ஒரு தடவை. ஈரல் கெட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரம். கப்பலுக்குக் கயிறும் பெயிண்டும் விற்கிற நம் கடையைக் காதருக்கு எழுதிவிடப் போவதாகச் சொன்னார். எழுந்து நடமாடிவிட்டு எழுதுங்கள் என்றேன். கோபம். அவர் வாயில் தலாக் வந்துவிட்டது. அன்று முதல் பின்னறையில் இத்தா, தலாக்குக்குப் பின் காத்திருக்கும் காலம். மூன்று மாதவிடாய் கழிய வேண்டும். இரண்டு ஆயிற்று. மூன்றாவது வரக் காணோம். வயது நாற்பத்தாறு. நின்றே போயிற்றோ என்னவோ.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்று எள்ளுருண்டை. சாப்பிடவில்லை. ஜன்னல் வழியாகக் காக்கைக்குப் போட்டேன்.

அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம். காதர் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். "இத்தா முடியறதுக்குள்ள அண்ணனுக்கு ஏதாச்சும் ஆயிட்டா?"

"அப்ப அந்தம்மா பொண்டாட்டிதான். பங்கு உண்டு. பிள்ளை இல்லேல்ல? நாலுல ஒண்ணு."

"முடிஞ்சுட்டா?"

"ஒண்ணும் கிடையாது."

"முடிஞ்சுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"மூணாவதும் நின்னு, குளிச்சாத்தான் முடியும். அது அவங்க சொல்றதுதான். அதுக்கு முன்னால அண்ணன் ஒரு வார்த்தை சொன்னாலும் திரும்பச் சேர்ந்தாச்சு."



ஆகஸ்ட் 8, வெள்ளி

வாங்க: சீரகம், நீலம், தலைவலித் தைலம்.

காலையில் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டு தடவை. ஓடினேன். அவர் அறை வாசலில் காதர். "உள்ள போகக் கூடாது மதினி. இப்ப அவரு உங்களுக்கு அந்நியரு."

"ஹஜ்ரத் அப்படிச் சொல்லலையே."

காதர் சிரித்தார். கதவைச் சாத்தி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். கடைக்கும் போகவில்லை.

எதிர் வீட்டு வங்காளி மாசி ஜன்னலிலிருந்து, "தாதா கேமோன் ஆச்சேன்?" என்று அவரைப் பற்றிக் கேட்டாள். நன்றாக இருக்கிறார் என்று தலையாட்டினேன். எனக்கென்ன தெரியும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

வந்துவிட்டது. விடிகிற நேரத்தில். அடிவயிற்றில் வலி.

மறைக்கலாமா என்று நினைத்தேன். நான் சொன்னால்தானே? பிறகு அல்லாஹ்வின் நினைப்பு வந்தது. அதற்குள் துணி அலசுவதை சுபைதா பார்த்துவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. "வந்துடுச்சா லாத்தா? ஓய்வா இருங்க. நான் சமைச்சுக்கறேன்."

மதியம் காதர் பிரியாணி வாங்கி வந்தார். எனக்குப் பெரிய துண்டு.

ஆகஸ்ட் 14, வியாழன்

டாக்டர் பாபு ஊசி போட மறுத்துவிட்டார். "ஆர் கிச்சு கோரார் நெய்." இனிச் செய்ய ஒன்றுமில்லை.

சுபைதா ஒவ்வொரு தொழுகைப் பாங்குக்கும் வந்து கேட்கிறாள். "இன்னும் நிக்கலயா?"

அவர் உயிர் பிழைத்திருக்க இந்த வீட்டில் எல்லோரும் துஆச் செய்கிறார்கள். நான் குளிக்கிற வரைக்கும்.

தெருவில் பிள்ளைகள் நாளைக்குக் காகிதக் கொடி கட்டுகிறார்கள். பசை மழையில் கரைகிறது.

ஆகஸ்ட் 16, சனி

எழுதிவிட வேண்டும்.

வெயில் ஏறிய பின்பு நின்றுவிட்டது. சுபைதாவிடம் உண்மையைச் சொன்னேன். குளியலறையில் வெந்நீர், புது சோப்பு, துண்டு. எல்லாம் முன்பே தயார். உள்ளே போய்த் தாழிட்டேன். முக்காலியில் உட்கார்ந்தேன். குளித்தால் தொழலாம். குளித்தால் அவருக்கு நான் யாருமில்லை. வெந்நீரின் ஆவி அடங்கும்வரை அப்படியே இருந்தேன். பிறகு பிஸ்மி சொல்லிச் செம்பில் மொண்டேன்.

கதவு அதிர்ந்தது.

"லாத்தா! தண்ணி ஊத்திட்டீங்களா?"

அவர் போய்விட்டார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இந்தக் கேள்வியிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

"இல்ல."

வெளியே காதரின் குரல். "ஊத்துற சத்தம் கேட்டுச்சுன்னு சொல்லு. நீதானே வெந்நீர் போட்டே."

உலர்ந்த தலையோடு வெளியே வந்தேன். அழ வந்திருந்த பெண்களிடம் முக்காட்டை விலக்கிக் கூந்தலைக் காட்டினேன். திரைக்கு அப்பாலிருந்து ஹஜ்ரத் கேட்டார். குளிக்கவில்லை என்றேன். "அவங்க சொன்னா சொன்னதுதான். பொண்டாட்டிதான்" என்றார். மூன்று மாதம் கழித்து என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். மஞ்சள். வாய் லேசாகத் திறந்திருந்தது. என் பெயருக்கா?

பொழுது சாய, மக்ரிபுக்கு அடக்கம் முடிந்தது. வந்தவர்கள் போய்விட்டார்கள். இன்று முதல் வேறு இத்தா, விதவைக்கானது. நான்கு மாதம் பத்து நாள், இதே வீட்டில், இவர்களோடு.

இதை எழுதும்போது தச்சன் என் கதவில் திருகாணி முடுக்குகிறான். புதுத் தாழ்ப்பாள். வெளிப்பக்கம்.

"எதுக்கு?" என்றேன்.

"உங்களுக்குத் தொந்தரவு வரக் கூடாதுன்னுதான் மதினி" என்றார் காதர்.